மனசு விட்டுப் பேசினால் போதுமா? அன்றாட மனநல உதவிகள் எங்கே பலிக்கின்றன, எங்கே பலிப்பதில்லை

அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைக்கும், பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்திலும், பிரபலம் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்த மறுநாளும் ஒரே மாதிரி அறிவுரைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். மனசு விட்டுப் பேசுங்கள், காலையில் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், நல்லதையே நினையுங்கள். படிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். ‘எங்க காலத்துல டிப்ரஷன்லாம் ஏது, நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாயிடும்’ என்பது ஒரு கட்சி. ‘நோயாளியிடம் போய் வாக்கிங் போ என்று சொல்வது கேலி பண்ணுவது மாதிரி’ என்பது இன்னொரு கட்சி.

இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. இந்தச் சின்ன உதவிகளில் சில முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அப்படி நடந்த மிக முக்கியமான சோதனை ஒன்றில் சென்னையும் கொழும்பும் பங்கெடுத்தன. வேறு சில அறிவுரைகள் காதுக்கு இதமாக இருப்பதோடு சரி. எது எந்த ரகம், ஏன், எந்த இடத்துக்கு மேல் இவை எடுபடாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். குறைந்தது மூன்றையாவது பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. மன அழுத்தம். வெளியிலிருந்து வரும் சுமைக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. கடன் தவணை, பரீட்சை, மாதக் கடைசி டார்கெட். சுமை இறங்கினால் இதுவும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

2. துக்கம். இழப்புக்குப் பின் வருவது. இது அலை அலையாக வரும். நடுவில் பேரக்குழந்தை ஏதாவது செய்தால் சிரிப்பும் வரும். இது நோய் இல்லை. இதற்குக் கெடு வைக்கவும் முடியாது.

3. மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன். குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. இதோடு தூக்கம், பசி, கவனம் ஆகியவை குலைவது, காரணமில்லாத அசதி, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றில் சில சேர்ந்திருக்கும். அன்றாட வேலை பாதிக்கப்படும். இது நோய். சிகிச்சை உண்டு.

பதற்ற நோய், மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, குடிநோய் என்று பட்டியல் இன்னும் நீளும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் மேலே சொன்ன மூன்றையும், லேசான பதற்றத்தையும் பற்றியதுதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மனசு சரியில்லை’ என்று யாரும் டாக்டரிடம் போவதில்லை. தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, கை கால் அசதி, வயித்துல ஏதோ பண்ணுது என்றுதான் போவார்கள். ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, ‘உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் கையில் இருக்கும்போது, வீட்டில் வேறு எதைச் சொல்லி உதவி கேட்பது? அடுத்த டாக்டரைத் தேடிப் போவார்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், இந்த இடைவெளி 70லிருந்து 92 சதவீதம் வரை இருந்தது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆக, பக்கத்து வீட்டுக்காரர், அக்கா, சக ஊழியர் ஆகியோர் செய்யும் உதவி, மருத்துவத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் வசதி அல்ல. பலருக்குக் கிடைப்பதே அதுதான். அதனால்தான் அதைச் சரியாகச் செய்வது முக்கியமாகிறது.

‘மனசு சரியானதும் செய்யலாம்’ என்பதில் உள்ள சிக்கல்

தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடியதில் ஆதாரம் வலுவாக இருப்பவற்றில் ஒன்று: மனநிலைக்காகக் காத்திருக்காமல் செயலை முதலில் வைப்பது. காரணம் எளிமையானது. மனம் சோரும்போது மனிதர் ஒவ்வொன்றாக விலகுகிறார். கோயிலுக்குப் போவதை நிறுத்துவார். போனை எடுக்கமாட்டார். சமையலைக் குறைத்துக்கொள்வார். அதில் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன திருப்தியும், நாலு பேர் முகமும், ‘குழம்பு நல்லாருக்கு’ என்ற ஒரு வார்த்தையும் சேர்ந்தே நின்றுபோகும். அதனால் சோர்வு கூடும். கூடிய சோர்வு மேலும் விலக வைக்கும். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970களில் மனச்சோர்வை இந்தச் சுழலாகத்தான் விளக்கினார்.

1996ல் நீல் ஜேக்கப்சன் குழு ஒரு கேள்வியைச் சோதித்தது. மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் எண்ணங்களைத் திருத்தும் பகுதியும் உண்டு, தினசரிச் செயல்களைத் திட்டமிடும் பகுதியும் உண்டு. செயல் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அதை மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள்.

இது நம் நாட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை கோவாவில் உள்ள சங்காத் என்ற தொண்டு அமைப்பு காட்டியது. 2017ல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் ஓரளவு கடுமையான அல்லது கடுமையான மனச்சோர்வு. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். அமர்வை நடத்தியவர்கள் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வு பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். மற்ற பாதியில் 39 சதவீதம். அமர்வுகளின் மையம் இந்தச் செயல் முறைதான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதமாக ஆர்டர் பிளவுஸ்கள் துணிப்பையிலேயே கிடக்கின்றன. கீழே இறங்கினால் எதிர்வீட்டு அக்கா பேச்சுக் கொடுப்பார் என்பதால் பால் வாங்கப் பையனை அனுப்புகிறார். குளிக்கவே மத்தியானம் மூன்று மணி ஆகிறது. இவரிடம் ‘நாளையிலிருந்து அஞ்சு மணிக்கு எழுந்து யோகா பண்ணுங்க’ என்றால் அது நடக்காது. நடக்காமல் போவது இன்னொரு தோல்வியாகச் சேர்ந்துகொள்ளும். மாறாக: திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பால் வாங்க அவரே இறங்குவது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரே ஒரு பிளவுஸுக்கு ஹெம்மிங். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். முடித்ததும் ஒரு தாளில், செய்வதற்கு முன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, பிறகு எத்தனை என்று எழுதிக்கொள்வது.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. செயல் சின்னதாக இருக்க வேண்டும். மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னதாக.

2. நேரம் குறித்திருக்க வேண்டும். ‘முடிஞ்சா பாக்கலாம்’ என்பது சோர்வான மனதில் எப்போதும் ‘முடியலை’ என்றே முடியும்.

3. ஏற்கனவே பழகிய செயலே நல்லது. முன்பு கோலம் போட்டவருக்குக் கோலம், செடி வளர்த்தவருக்குச் செடி. புதுப் பொழுதுபோக்கு தேட இது நேரமில்லை.

4. செய்தவுடன் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் வாரத்தில் பெரும்பாலும் வராது. தாளில் எழுதும் எண் கொஞ்சமாவது கூடும் வரை, செய்தோம் என்பது மட்டுமே கணக்கு.

உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கும் நிறைய ஆதாரம் உண்டு. நடை, ஓட்டம், எடை தூக்குவது எல்லாமே லேசான, நடுத்தர மனச்சோர்வில் பலன் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்தப் பயிற்சி சிறந்தது என்று சண்டை போடுவதை விட, தெருமுனை வரை யாராவது கூட வருவார்களா என்பதுதான் நிஜமான கேள்வி.

தூக்கமும், ஒரே நினைப்பும்

தூக்கம் கெடுவது மனநோயின் விளைவு மட்டும் அல்ல, காரணங்களில் ஒன்றும்கூட. 2017ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழு, தூக்கமின்மை உள்ள 3,755 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தூக்கத்தை மட்டும் சரிசெய்யும் இணையவழிப் பயிற்சி பெற்றவர்களுக்கு, சந்தேக எண்ணங்களும் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே குறைந்தன.

வழிகள் பழையவைதான். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழுவது (படுக்கும் நேரத்தை விட இது முக்கியம்). தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புவது. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். ‘ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம் வருது’ என்பவர்களுக்கு: மது தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

இரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அரைப்பது. ‘அன்னைக்கு ஏன் அப்படிப் பேசினேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி.’ யோசித்தால் தெளிவு கிடைக்கும் என்று தோன்றும், கிடைக்காது. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். 1989ல் கலிபோர்னியாவில் நடந்த லோமா ப்ரியெட்டா நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்பு அவர் மாணவர்களிடம் தகவல் சேகரித்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் மறுபடி பார்த்தபோது, முன்பே இப்படி அரைக்கும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. இதை நிறுத்த ‘நினைக்காதே’ என்று சொல்வது பயன்படாது. அந்தக் கவலைக்கென்று மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, தாளில் எழுதி, ‘இதில் நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா’ என்ற ஒரு கேள்வியைப் போட்டு மூடி வைப்பது பலருக்கு உதவுகிறது. கையை வேலையில் வைப்பதும் உதவும்.

மற்றவருக்கு உதவுவது: சென்னை, கொழும்பு ஆய்வு

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் ஒரு சோதனை நடத்தியது: பிரேசிலின் கம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதற்கு மேல் இரண்டே இரண்டு விஷயங்கள்: டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்புகொள்வது.

2008ல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்த 18 மாதத்தில் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அந்த ஒன்பது தொடர்புகளும் எப்படி அமைந்தன என்பதைப் பாருங்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம், ஏழாம் வாரம், பதினோராம் வாரம், பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்கள். ஆரம்பத்தில் நெருக்கமாக, பின்னால் இடைவெளி விட்டு, ஆனால் நிற்காமல். நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். சம்பவம் நடந்த இரண்டு நாள் வீடு நிறைய ஆட்கள், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும். மூன்றாம் வாரம் ஒருவரும் இல்லை.

இதற்கு முன்னோடி சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ செய்த கடித ஆய்வு. மனச்சோர்வு அல்லது தற்கொலை எண்ணத்தால் மருத்துவமனையில் இருந்துவிட்டு, பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை, இரண்டு மூன்று வரியில் ஒரு கடிதம் போனது. நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில். அறிவுரை கிடையாது, பதில் போட வேண்டிய கட்டாயமும் கிடையாது. கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை மரணம் குறைவாக இருந்தது; முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பின்னால் தபால் அட்டை, குறுஞ்செய்தி என்று நடந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடர்பு மட்டுமே மருந்து என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் செலவில்லாத, கெடுதல் அரிதான ஒன்றுக்கு இந்த அளவு ஆதாரமே பெரிது.

இரண்டு ஆய்வுகளிலும் உள்ள பொது அம்சம், எதையும் கேட்காத, விடாத தொடர்பு. அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் செய்தி இப்படி இருக்கும்:

‘சும்மாதான் மெசேஜ் பண்ணேன். நேத்து நம்ம ஆபீஸ் வாசல்ல அந்தப் பூனை மறுபடி வந்துச்சு. ரிப்ளை பண்ணணும்னு இல்ல. வியாழக்கிழமை மறுபடி கூப்பிடறேன்.’

‘ஏன் போன் எடுக்கலை? எவ்ளோ தடவை கூப்பிடறது?’ என்ற செய்தியும் அக்கறையில் பிறப்பதுதான். ஆனால் அது வாங்குபவரின் கணக்கில் ஒரு கடனைச் சேர்க்கிறது. ஏற்கனவே எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று நினைப்பவருக்கு அந்தக் கடன் கனமானது.

எதைச் சொல்வது, எதை விடுவது

2011ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. பேரிடர் காலத்துக்காக எழுதப்பட்டது என்றாலும் வீட்டுக்கும் பொருந்தும். இதில் நாம் கோட்டை விடுவது நடுவில் உள்ளதை. கேட்பதற்குப் பதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

‘கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்’ என்பது பேச்சை முடித்துவைக்கும் வாக்கியம். சொல்பவருக்கு நிம்மதி, கேட்டவருக்கு அடுத்து சொல்ல ஒன்றுமில்லை. ‘உன்னை விடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்’ என்பது குற்ற உணர்வைக் கூட்டும். ‘எதாவது வேணும்னா சொல்லு’ என்பது நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கத் துணிந்து, கேட்பது என்ற முழு வேலையும் முடியாதவர் தலையிலேயே விழுகிறது. அதை விட ‘செவ்வாய்க்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீ படுத்துத் தூங்கு’ என்பது எவ்வளவோ மேல்.

அதே நேரம், பேசவைத்தே தீருவது என்று இறங்குவதும் தவறு. கொடூரமான அனுபவத்துக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் ஒரே அமர்வு முறை ஒருகாலத்தில் பிரபலமாக இருந்தது. ஆய்வுகளில் அது உதவவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. மனசு விட்டுப் பேசுங்கள் என்ற அறிவுரைக்கு இது ஒரு அடிக்குறிப்பு: பேச விரும்பும்போது ஆள் இருக்க வேண்டும், பேசாமல் இருக்கவும் விடவேண்டும். பலர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை விட, பைக்கில் போகும்போதும் பூண்டு உரிக்கும்போதும் கூடுதலாகப் பேசிவிடுகிறார்கள்.

இதை அமைப்பாகவே செய்து காட்டியது ஜிம்பாப்வே. ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 2006ல் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை தருபவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். 573 பேரிடம் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து, அவர்களிடம் பேசியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தன. அந்தப் பாட்டிகள் வெறுமனே ஆறுதல் சொல்லவில்லை. இருக்கும் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று அவரையே சொல்லவைத்தார்கள்.

‘சாகலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்கலாமா?

கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. இதுவரை நடந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களில் பலர் நிம்மதியடைந்ததாகவே தெரிகிறது. கேட்கும் விதம் முக்கியம். ‘அப்படி ஏதும் கிறுக்குத்தனமா யோசிக்கலையே?’ என்பது ‘இல்லை’ என்ற பதிலைத் தானே எழுதிக்கொடுக்கிறது. ‘இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்கு செத்துடலாம்னுகூடத் தோணும். உனக்கு அப்படித் தோணுதா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால்:

1. அதிர்ச்சியைக் காட்டாமல், சத்தியம் வாங்காமல், ‘சொன்னது நல்லதாச்சு’ என்று சொல்லுங்கள்.

2. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. தனியாக விடாதீர்கள். வீட்டில் ஆபத்தாகக்கூடிய மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கு, கொண்டுபோய்விடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தைக் கடத்துவதே பெரிய வேலை.

4. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. உடனடி ஆபத்து என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

‘போலீஸ் கேஸ் ஆயிடுமோ’ என்ற பயத்தில் மருத்துவமனைக்கே கொண்டுபோகாத குடும்பங்கள் உண்டு. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. முயற்சியையே குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இலங்கை 1998லேயே அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

எல்லாமே தனிமனிதரின் வேலை அல்ல

இந்த மாதிரிக் கட்டுரைகளில் ஒரு ஆபத்து உண்டு. தூங்கு, நட, எழுது என்று சொல்லிக்கொண்டே போனால், தேறாதவர் முயற்சி போதாதவர் என்று ஆகிவிடும். சூழலை மாற்றினால் யாருடைய மனஉறுதியையும் நம்பாமலே உயிர்கள் தப்புகின்றன என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. இலங்கையில் 1995க்குப் பிறகு கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் தோற்றவர்கள் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, வருடம் வீணாகாமல் அதே ஆண்டு கல்லூரியில் சேர வழி செய்யப்பட்டது. ரிசல்ட் அன்று வீட்டில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியமும் இதுவேதான்: ‘அடுத்த மாசம் எழுதிக்கலாம்.’

அலுவலகத்திலும் அப்படித்தான். இரவு பதினோரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் குரூப் செய்திகளை நிறுத்தாமல், வருடத்துக்கு ஒருமுறை மனநலப் பயிலரங்கு வைத்து என்ன பயன்?

எந்த இடத்தில் டாக்டரிடம் போக வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது:

1. சோர்வோ பதற்றமோ இரண்டு வாரத்தைத் தாண்டி, வேலை, படிப்பு, சாப்பாடு, குளியல் ஆகியவற்றைப் பாதிப்பது.

2. சாவைப் பற்றிய எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது.

3. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, காரணமில்லாமல் எல்லோரும் சதி செய்வதாக நம்புவது.

4. தூங்காமலே நாள்கணக்கில் மிதமிஞ்சிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு.

5. பிரசவமான பெண் தொடர்ந்து அழுவது, தூங்க முடியாமல் தவிப்பது, குழந்தையை நினைத்தாலே பயப்படுவது.

6. குடி கட்டுக்குள் இல்லாமல் போவது.

மூன்றாவதும் நான்காவதும் இருக்கும் இடத்தில் நடையும் பேச்சும் மட்டும் உதவாது, மருந்து தேவைப்படும். கோயில், தர்கா என்று முதலில் அழைத்துப்போகும் குடும்பங்களைத் திட்டுவதில் பலனில்லை. அங்கே போங்கள், இங்கேயும் வாருங்கள் என்பதுதான் நடக்கக்கூடியது. ஆனால் கட்டிவைப்பதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டமும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மருந்தும் அங்கேயே இலவசம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் சோர்வைக் கொடுக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்பது இயல்பு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டுவது போன்ற தொந்தரவு வரலாம். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தேறியதும் திடீரென்று நிறுத்துவதும் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: உடல் நோய்களுக்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21வது பிரிவு சொல்கிறது.

கூடப் போகிறவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சின்ன வேலை, போவதற்கு முன் அரைப் பக்கம் எழுதி எடுத்துக்கொள்வது. எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டார், ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. நெரிசலான ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அழுகையும் தயக்கமும் அந்த நிமிடங்களைத் தின்றுவிட்டாலும், தாளை நீட்டினால் அவர் படித்துக்கொள்வார். அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்ற தேதியை அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள், அன்றைக்குக் கூட வரப்போவது யார் என்பதையும் சேர்த்து.